மம்பட்டிக்குப் பெயர் இல்லாத மாசி

கூவலாங்குளத்தில் மம்பட்டி என்ற சொல் காணாமல் போனது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் வந்து போனதற்கும் இட்லிச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கியதற்கும் நடுவே. பொருள் போகவில்லை. அது எப்போதும் போல மாட்டுத்தொழுவத்து மூலைகளிலும் கோழிக்கூடுகளின் மேலும் வாய்க்கால் கரைகளிலும், காய்ந்த சேறு ஒட்டியபடி சாய்ந்தே கிடந்தது. பெயர் மட்டும் போயிருந்தது. எழுதும்போது மண்வெட்டி, பேசும்போது மம்பட்டி என்று ஊரே பொழுதன்றைக்கும் வாயில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த சொல் அன்றைக்கு யார் வாய்க்கும் வரவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் குளத்தடியில் முதல் வயல் வைத்திருக்கும் ஆவுடையப்பன். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த மனைவியிடம் "ஏளா, அந்த..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, நாக்கு அசைந்தது, சொல் இருக்கவேண்டிய இடம் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி வழவழவென்று கிடந்தது. "எந்த?" என்றாள் மனைவி. "அதான், அந்த..." என்றார் அவர். "ஓ, அதுவா," என்று அவள் கொண்டுவந்து கொடுத்தாள், கொடுக்கும்போதுதான் தனக்கும் அதன் பெயர் தெரியவில்லை என்பதைக் கவனித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பெயரை மறந்துபோனவர்களைப் போல இருவரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு பார்த்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் சட்டென்று பதறுகிற ஆட்கள் இல்லை. கிணற்றில் தண்ணீர் வந்தாலும் வற்றினாலும் ஒரே முகத்தோடு எட்டிப்பார்ப்பார்கள். சொல் போனதையும் அப்படித்தான் எட்டிப்பார்த்தார்கள். மீராசா பாயின் இரும்புக்கடைப் பலகையில் கடப்பாரைக்கும் அரிவாளுக்கும் நடுவே எழுதியிருந்த எழுத்துகள் உரிந்து வெள்ளையாகக் கிடந்தன. பாய் ஏணி வைத்து ஏறிப்போய்த் தடவிப் பார்த்தார், பெயின்ட் வாங்கின கடையை ஏசினார், இறங்கி வந்து வியாபாரத்தைப் பார்த்தார். வாங்க வந்தவர்களோ கடை வாசலில் நின்று, இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி இறக்கிக் காட்டினார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து பேர் அப்படிக் காட்டும்போது அந்தப் பக்கம் போன பேருந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அதோட பேரு என்னன்னு நான் சொல்லவா?" என்று பந்தயம் கட்டினார். அவர் உதடு அசைந்தது, எங்கள் காதில் விழுந்தது வெறும் காற்றுதான். அம்பாசமுத்திரத்து மருமகன்களும் தூத்துக்குடி மச்சான்களும் போனில் கத்திப் பார்த்தார்கள், அந்த இடம் வந்ததும் போன் கொரகொரத்தது.

ஏன் போனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். உதவாக்கரை மாப்பிள்ளைகளையும் சோம்பேறிப் பிள்ளைகளையும் அந்தப் பெயரைச் சொல்லியே திட்டித் திட்டி அதற்கு ரோசம் வந்துவிட்டது என்றார்கள். ஜேசிபி வந்த பிறகு அதற்கு இங்கே மரியாதை இல்லை என்றார்கள். இரவல் வாங்கினவர்கள் திருப்பித் தராததால் அது மனம் வெறுத்துப் போனது என்றார்கள், இதைச் சொன்னவர்கள் எல்லாரும் இரவல் கொடுத்தவர்கள். வாங்கினவர்களுக்குச் சந்தோஷம், கொடுத்தவனால் இனிமேல் பெயர் சொல்லிக் கேட்கமுடியாது அல்லவா. எது உண்மை என்று எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை.

தண்ணீர் முறை என்ற ஒன்று மட்டும் இல்லாதிருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான்.

கூவலாங்குளத்தின் குளத்து மடையிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால் புறப்பட்டு, ஆவுடையப்பன் வயலில் தொடங்கி, வளைந்து வளைந்து, ஒவ்வொரு வயலுக்கும் வாமடை என்று சொல்கிற சின்ன வாயைக் காட்டிக்கொண்டு, கடைசியில் உலகம்மாள் தோட்டத்தில் போய் முடிகிறது. யாருக்கும் ஆண்டு தெரியாத ஒரு காலத்தில், இந்த வாய்க்கால் தண்ணீரை ஒருவர் வாமடையிலிருந்து இன்னொருவர் களவாகத் திருப்பி, கேட்க வந்தவனை அடித்து, அடித்தவனைத் தேடி இன்னொருவன் வந்து, அறுக்க ஆள் இல்லாமல் கதிர் நிலத்திலேயே உதிர்கிற அளவுக்குச் சண்டை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஊர் கூடி, முறையைக் குரலில் கட்டிவைத்தது. வயல் நிறைந்தவர் வரப்பில் ஏறி நின்று, மம்பட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, "மம்பட்டி உனக்கு!" என்று ஊருக்கே கேட்கக் கூவவேண்டும். அடுத்த வயல்காரர் "மம்பட்டி எனக்கு!" என்று பதில் கூவவேண்டும். அதன் பிறகுதான் இவர் வாமடை அடைபடும், அவர் வாமடை திறக்கும். கடைசி வயல் நிறைந்ததும் கடைமடைக்காரர் "மம்பட்டி முடிஞ்சுது!" என்று கூவினால்தான் குளத்து மடையை மூடுவார்கள். கூவாமல் கை வைத்தால் அது களவு. எங்கள் ஊரில் வாமடைக்கு வாமடை காவல் இருந்தவர் யாருமில்லை, காது இருந்தால் போதும்.

சொல் போன அன்றைக்குத் தண்ணீர் ஆவுடையப்பன் வயலில் இருந்தது. மதியத்துக்குள் வயல் நிறைந்தது. அவர் வரப்பில் ஏறி, அதைத் தலைக்கு மேலே தூக்கி, வாயைத் திறந்தார். "உனக்கு!" என்பது மட்டும் வந்தது. எது உனக்கு என்று சொல்லாமல் அடுத்தவர் எப்படி எனக்கு என்று சொல்வார்? தண்ணீர் அங்கேயே நின்றது. மறுநாளும் நின்றது. ஆவுடையப்பன் போட்டிருந்தது சின்ன உள்ளி என்கிற சின்ன வெங்காயம், அது காலில் ஈரம் தங்கினால் கோபித்துக்கொள்கிற பயிர். முதல் வயலில் உள்ளி அழுகி நாறத் தொடங்கியது, கடைசித் தோட்டத்தில் பிச்சிப்பூச் செடி வாடத் தொடங்கியது, நடுவில் இருந்தவர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேறு சொல்லை வைத்துப் பார்க்காமலும் இல்லை. "அது உனக்கு!" என்று ஆவுடையப்பன் கூவிய அன்று, அவர் விரல் நீண்ட திசையில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை அடுத்த வயல்காரர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார், பெரிய மனிதர் மனமுவந்து தருகிறார் என்று நினைத்து. "கடப்பாரை உனக்கு!" என்று மாற்றினால், பள்ளம் தோண்டக் கடப்பாரை கேட்டவனிடம் எதைக் கொடுப்பது என்று வீட்டுக்கு வீடு குழப்பம். விசில் ஊதினார்கள், எல்லைக்கு அப்பால் நின்ற பேருந்து கிளம்பிப் போனது.

உலகம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவன் இறந்த பிறகு, கடைமடை நிலத்தில் என்ன விளையும் என்று எல்லாரும் உதட்டைப் பிதுக்கியபோது, பிச்சிப் பதியன்களை வாங்கிவந்து வரிசை பிடித்து நட்டவள். இராஜபாளையத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் தம்பி செல்லப்பா, நல்ல மனதோடுதான், "தனியா எதுக்குக் கெடக்க எக்கா, எங்க வீட்டுக்கு வா, பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவளுக்கு அந்த நிம்மதியை நினைத்தாலே மூச்சு முட்டியது. இன்னொருத்தி அடுப்பில் இன்னொருத்தி கேட்ட குழம்பை வைத்து, இன்னொருத்தி தூங்கின பிறகு தூங்குவது. கடைசியில் அவனை அடக்குவதற்காக ஒரு வாக்குக் கொடுத்தாள்: "பிச்சி துளிர்த்துட்டா நான் இங்கதான். பட்டுப்போச்சுன்னா மறுபேச்சு இல்லாம உன்கூட வாரேன்." மாசித் தண்ணீர் ஒரு தடவை பாய்ந்தால் துளிர்த்துவிடும் என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

அவள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். அடிபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். இலைகள் ஓரத்திலிருந்து கருகின. ஒரு நாள் காலையில், ஒரு பதியனைக் கிள்ளிப் பார்த்து உள்ளே இன்னும் பச்சை இருப்பதைக் கண்டதும், குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்திருந்ததை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் கரையோடு மேலே நடந்தாள். காய்ந்த வாமடைகளையெல்லாம் கடந்து, பிறகு அழுகின உள்ளியின் நாற்றத்தைக் கடந்து, குளத்து மடைக்கு வந்து சேர்ந்தாள். மடைக்காரர் குத்தாலிங்கம் அங்கே குந்தியிருந்தார். முறை தவறாமல் பார்த்துக்கொள்வது அவர் குடும்பத்து வேலை. பக்கத்தில் ஆவுடையப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, என் பிச்சி சாவுது," என்றாள் உலகம்மாள்.

"தெரியும் பிள்ள. இவரு உள்ளியும்தான் சாவுது. நான் என்ன செய்ய? கூவாம முறை மாறுச்சுன்னா நாளைக்கு எவன் வேணும்னாலும் எவன் வாமடையிலயும் கை வைப்பான். பெறகு இந்த வாய்க்கால்ல தண்ணியா ஓடும்?"

"நானும் கூவத்தான் சொல்லுதேன்."

"எதைக் கூவ? பேரு இல்லயே."

அவள் தோளிலிருந்ததை இறக்கி, கரைக்கு இந்தப் பக்கம் கிடந்த கட்டாந்தரையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். ஒரு பாளம் மண் பெயர்ந்து வந்தது.

"இது இப்ப என்ன செஞ்சுது மாமா?"

"என்ன செஞ்சுது, மண்ணை வெட்டுச்சு."

"அதைக் கூவுங்க."

குத்தாலிங்கம் சிரித்தார். "அது பேரு இல்ல பிள்ள, அது செய்யுத வேலை."

"மொதமொதல்ல இதைக் கையில பிடிச்சவனுக்குப் பேரை யாரு சொல்லிக் குடுத்தா? மண்ணை வெட்டுதது எங்க, மண்ணை வெட்டுததை எடுன்னுதான அவனும் கேட்டுருப்பான்? சொல்லிச் சொல்லித்தான பேராச்சு? அது போச்சு, சரி. வேலை போகலயே. பேரு வருத வரைக்கும் வேலையைச் சொல்லுவோம்."

குத்தாலிங்கம் சிரிப்பை நிறுத்தினார். அவர் பிடிவாதக்காரர், ஆனால் கல்மனதுக்காரர் இல்லை. அவருக்கு இருந்தது பயம், தன் காலத்தில் முறை கெட்டுவிட்டது என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். மோவாயைச் சொறிந்துகொண்டே குளத்தைப் பார்த்தார், உள்ளியைப் பார்த்தார், உலகம்மாளின் கையைப் பார்த்தார். அது குடம் சுமந்து தோல் உரிந்திருந்தது.

"ஒரு வாய் தவறாம எல்லாரும் அதையே கூவணும்," என்றார். "ஒருத்தர் மாட்டேன்னாலும் தண்ணி அங்கயே நின்னுரும். சம்மதமா?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கிய, அண்ணாச்சிகிட்ட கேளுங்க."

ஆவுடையப்பன் கூச்சப்பட்டார். "ஊரெல்லாம் கேக்க, சின்னப்பிள்ள பேச்சுப் பழகுத மாதிரி நான் கூவவா?" என்று முனகினார். பிறகு காற்று அவர் வயல் பக்கத்திலிருந்து அடித்தது. எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, வரப்பில் ஏறி, அடிவயிற்றிலிருந்து கூவினார்: "மண்ணை வெட்டுதது உனக்கூ!"

பிறகு, ஆட்டை ஓட்டிப்போன அதே அடுத்த வயல்காரர், இந்தத் தடவையாவது தண்ணீர் கிடைக்கட்டும் என்று எழுந்து நின்றார். "மண்ணை வெட்டுதது எனக்கூ!"

வாமடை அடைபட்டது, வாமடை திறந்தது, தண்ணீர் நகர்ந்தது. நகர்ந்ததைப் பார்த்ததும் வாய்க்கால் நெடுக இருந்தவர்கள் ஆளுக்கொரு வரப்பில் ஏறிக்கொண்டார்கள். வயல் வயலாக நிறைய நிறைய, அந்தக் கூவல் வாய் வாயாக இறங்கி வந்தது. ஒரு வாயில் வெற்றிலை இருந்தது, ஒரு வாய்க்கு மூச்சு வாங்கியது, ஒருத்தி இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கூவினாள், ஒருவர் சேற்றில் வழுக்கிக்கொண்டே கூவினார். வேலைக்கு நடுவே அவ்வளவு நீளத்தை யார் முழுசாகச் சொல்வார்கள்? மண்ணை வெட்டுதது என்பது மண்ணவெட்டுது ஆயிற்று, மண்வெட்டது ஆயிற்று, ஆற்றில் உருள்கிற கல் மாதிரி ஒவ்வொரு வாயிலும் ஒரு மூலையை விட்டுவிட்டு வந்தது. யாரும் அதை வேண்டுமென்று செய்யவில்லை. சொல்லை யாரும் தேடவும் இல்லை, அவர்களுக்கு அப்போது தண்ணீர்தான் பெரிதாக இருந்தது. பிள்ளைகள் அந்தக் கூவலைப் பாட்டாக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். மீராசா பாய் மட்டும் கடை வாசலில் நாற்காலி போட்டு, பலகையின் வெள்ளை இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தண்ணீருக்கு யார் வாக்கும் தெரியாது. அது தன் போக்கில், நிறையவேண்டிய வயலை நிறைத்துவிட்டுத்தான் வந்தது. செல்லப்பா ஒரு லோடு ஆட்டோவோடு வந்து இறங்கியபோது அது இன்னும் பக்கத்துத் தோட்டத்துச் சொர்ணத்தக்கா நிலத்தில்தான் நின்றது. அவன் பிச்சி வரிசைகளைப் பார்த்தான். கருகின இலைகள் எல்லாம் உதிர்ந்து, வெறும் குச்சிகளாக நின்றன.

"பட்டுப்போச்சேக்கா," என்றான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை, அதற்காக அவனை மெச்சவேண்டும்.

உலகம்மாள் ஒரு குச்சியைக் கிள்ளிப் பார்த்தாள். பச்சையா, பழுப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். "சாமானை ஏத்து," என்றாள். அவன் கட்டிலை ஏற்றினான், ஆட்டுரலை டிரைவரோடு சேர்ந்து உருட்டி ஏற்றினான், பாத்திர மூட்டையை ஏற்றினான். அவள் தோட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். நன்றாகவே அழுதாள், மூக்கைச் சிந்திச் சிந்தி, வெட்கமில்லாமல்.

அப்போதுதான் சொர்ணத்தக்கா வரப்பில் ஏறி நின்று கூவினாள்: "மம்வெட்டு உனக்கூ! ஏ உலகம்மா, காது கேக்கலயா, உனக்குத்தாம்ட்டீ!"

உலகம்மாள் எழுந்து நின்றாள். "எனக்கு!" என்றாள். முழுசாகச் சொல்லவேண்டும் என்று நினைவு வந்து, அழுத தொண்டையோடு, "மம்வெட்டு எனக்கூ!" என்றாள். வாமடையைத் திறந்தாள்.

தண்ணீர் வந்த வேகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் தேங்கிக் கிடந்த குளத்துத் தண்ணீர் முட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது, முதல் வரிசையின் காலை நனைத்தது, இரண்டாவது வரிசைக்குத் திரும்பியது. திரும்பின இடத்தில், வெயிலில் வெடித்துக் கிடந்த ஓர வரப்பு பொலபொலவென்று உடைந்தது. அந்தப் பக்கம் ஓடை. தண்ணீர் முழுக்கப் பிச்சியை விட்டுவிட்டு ஓடைக்குத் திரும்பியது. உலகம்மாள் பாய்ந்துபோய் உடைப்பில் குறுக்கே உட்கார்ந்தாள். முதுகால் அடைத்தாள், இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி வைத்தாள், வைக்க வைக்கக் கரைந்தது. தம்பி ஆட்டோ பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ஏல செல்லப்பா! மம்பட்டியக் கொண்டால!"

வாய்க்கால் நெடுக எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சொர்ணத்தக்காவுக்குக் கை தூக்கினபடி நின்றது. நடு வயல்களில் ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்தார்கள். மேலே மடையடியில் குத்தாலிங்கம் குந்தியிருந்தவர் எழுந்தேவிட்டார். கேட்டவள் மட்டும் கவனிக்கவில்லை, அவளுக்கு இடுப்பளவு சேறு, முதுகில் தண்ணீர்.

"என்னல பாத்துக்கிட்டே நிக்க? மம்பட்டி! மம்பட்டி! செவுடாப் போச்சா?"

செல்லப்பா கயிற்றை விட்டான். இஸ்திரி போட்ட பேன்டோடு சேற்றில் இறங்கி ஓடி, வாமடை ஓரத்தில் கிடந்ததை எடுத்துவந்து, மளிகைக்கடைக் கையால் ஓங்கி ஓங்கி வெட்டி அணைத்தான். நாலு போடு கோணலாக விழுந்தது, ஐந்தாவது சரியாக விழுந்தது. "அங்க இல்லல, மேல போடு, இன்னும், ஆங்," என்று அவள் உடைப்பில் உட்கார்ந்தபடியே அதட்டினாள். மண் ஏறியது. உடைப்பு அடைந்தது. தண்ணீர் கொஞ்சம் யோசித்து நின்று, பிறகு இரண்டாவது வரிசைக்குள் திரும்பியது, அங்கிருந்து மூன்றாவதுக்கு.

வாய்க்கால் கரையில் யாரோ அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள். இன்னொருவர் சொல்லிப் பார்த்தார். பிறகு ஊரே சொன்னது, சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், தெருவில் போகிறவனும் வருகிறவனும், ஜன்னலுக்குள்ளிருந்த பெண்களும். இரவல் கொடுத்தவர்கள் அந்த நிமிடமே கேட்கக் கிளம்பினார்கள். வாங்கினவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

தோட்டம் நிறையச் சாயங்காலம் ஆகிவிட்டது. தண்ணீருக்குள் நின்ற பிச்சிக் குச்சிகளில் உலகம்மாள் குனிந்து குனிந்து எதையோ தேடினாள். ஓர வரிசையில் ஒரு குச்சியின் கணுவில், அரிசியில் பாதி அளவுக்கு, பச்சையாக ஏதோ இருந்தது. சேறாக இருக்குமோ என்று விரலால் துடைத்தாள். போகவில்லை. அடுத்த குச்சியையும் துடைத்துப் பார்த்தாள்.

பிறகு வரப்பில் ஏறினாள். மற்ற வருடங்களில் கடைமடைக் கூவலைக் கூவினது அவள் கணவன். அவளுக்கு அது பழக்கமில்லை. மம்பட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள், அதில் ஒட்டியிருந்த சேறு அவள் நெற்றியில் வழிந்தது.

"மம்பட்டி முடிஞ்சுதூ!"

தூரத்தில் குத்தாலிங்கம் மடைப்பலகையை இறக்குகிற சத்தம் கேட்டது. உலகம்மாள் கீழே இறங்கிவந்து, மம்பட்டியைக் கழுவ உட்கார்ந்தாள். முழங்கால்வரை சேறு அப்பின செல்லப்பா, கையில் வந்த கொப்புளத்தை ஊதிக்கொண்டே, ஆட்டோவில் கட்டியிருந்த கட்டிலையும் ஆட்டுரலையும் பார்த்தான்.

"எக்கா, சாமானெல்லாம் ஏத்திட்டேனே?"

"எறக்கு," என்றாள்.